பன்னிரண்டு மணிக்கு மூடும் பெட்டி

என் அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் அவர். மதியம் ஸ்டோரில் பாலை நிறுத்துக் கிராணி எழுதும்போது, அப்பா பக்கத்தில் நின்று அதே எண்ணைத் தன் நோட்டிலும் குறித்துக்கொள்வார். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டையும் நோட்டையும் விளக்கடியில் விரித்து வைத்து வரி வரியாகப் பார்ப்பார். கிராணியை நம்பவில்லையா என்று ஒருநாள் கேட்டேன். "கிராணி நல்ல மனுசன்தான்யா. ஆனா பாலு நான் வெட்டுனது" என்றார்.

அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. செம்பனை நிற்கிறது; ஒரு பக்கம் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. லயத்தில் இருந்தவர்கள் செம்மோர், புந்தோங் என்று பிரிந்து போனார்கள். நான் ஈப்போவில் துப்புரவு, புல் வெட்டு வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறேன். இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. பெரும்பாலும் பள்ளிக்கூடங்கள், அரசு அலுவலகங்கள். என் பையிலும் ஒரு நோட்டு இருக்கிறது.

டெண்டர் மூடிய பிறகு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் விலைப் பட்டியல் ஒட்டுவார்கள். நிறுவனங்களின் பெயர் இருக்காது. 1/14, 2/14 என்று எண் மட்டும் இருக்கும், எதிரில் ஒவ்வொருவரும் கேட்ட விலை. பெரும்பாலோர் அதைப் பார்க்கப் போவதில்லை. வேலை கிடைத்தால் கடிதம் வரும், கிடைக்காவிட்டால் எதற்கு அலைவது என்பார்கள். நான் போவேன். பதினான்கு விலையையும் எழுதிக்கொள்வேன். பக்கத்திலேயே அந்த இடத்தின் பரப்பு, கேட்ட ஆள் எண்ணிக்கை, எத்தனை மாதக் குத்தகை என்றும் குறிப்பேன். பத்தாண்டு எழுதிய பிறகு அந்த நோட்டு எனக்குப் பேச ஆரம்பித்தது. அடியில் கிடக்கும் ஒன்றிரண்டு விலைகளில் தொழிலாளிக்குச் சட்டப்படி சம்பளம் கொடுக்கவே முடியாது. உச்சியில் இருக்கும் மூன்று நான்கு, இடத்தைச் சரியாகப் பார்க்காமல் பயத்தில் ஏற்றிப் போட்டவை. நடுவில் ஐந்தாறு விலைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். அவர்கள்தான் உண்மையில் எண்ணிப் பார்த்தவர்கள். எண்ணிப் பார்த்தவன் எண் எங்கே போய் விழும் என்பதை அந்தப் பலகைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. மிகக் குறைந்த விலைக்குத்தான் வேலை கிடைக்கும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் தம்பிமார்கள் ஒரு வருடம் அந்தப் பலகை முன் நின்று பார்க்க வேண்டும்.

பதிவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறுவன ஆணையத்தில் பெயர் பதிந்தால் மட்டும் போதாது. கூட்டரசு இலாகாக்களுக்குப் பொருளோ சேவையோ வழங்க நிதி அமைச்சில் பதிய வேண்டும். ஈ-பெரோலேஹான் இணையத்தளம் வழியாக நடக்கும், மூன்று ஆண்டு செல்லும். கட்டுமான வேலை என்றால் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் பதிவு. அதில் மிகச் சிறிய படி ஜி1; ஜி2, ஜி3 என்று ஏற ஏற எடுக்கக்கூடிய வேலையின் தொகையும் ஏறும். மாநகர் மன்றங்களுக்கும் மாவட்ட மன்றங்களுக்கும் தனி அறிவிப்பு, தனி முகப்பு. அங்கே நேரில் போய்த்தான் பழக வேண்டும்.

நிதி அமைச்சுப் பதிவில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஆறு இலக்கக் குறியீடு உண்டு. கட்டடமும் அலுவலகமும் சுத்தம் செய்ய 221001, வளாகம் சுத்தம் செய்ய 221002. அறிவிப்பில் இரண்டுக்கும் நடுவே 'டான்' என்று இருந்தால் இரண்டும் உங்களிடம் இருக்க வேண்டும். 'அத்தாவ்' என்று இருந்தால் ஒன்று போதும். இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் மூன்று வாரம் உழைத்து விலை போட்டுத் தள்ளுபடியானவர்களை எனக்குத் தெரியும்.

நம்மவர்கள் கூடினால் முதலில் பேசுவது ஒதுக்கீட்டைத்தான். இருப்பதை இருப்பதாகவே சொல்கிறேன். சிறு கட்டுமான வேலைகள் பூமிபுத்ரா ஜி1 குத்தகையாளர்களுக்கு ஒதுக்கப்பட்டு, பல இடங்களில் குலுக்கல் போட்டுக் கொடுக்கப்படுகின்றன. பொருள், சேவையிலும் 50,000 முதல் 100,000 வெள்ளி வரையிலான விலைக்கோரலை அவர்களுக்கே வைத்திருந்தார்கள். அதற்கு மேல் 500,000 வரை அவர்களுக்கு 10 சதவீத விலைச் சலுகை இருந்தது. வரம்புகளைச் சுற்றறிக்கை வழியாக மாற்றுவார்கள்; விலை போடும் நாளில் எது நடப்பில் இருக்கிறதோ அதைப் படித்துக்கொள்ளுங்கள். எனக்கு இதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். சுங்கை சிப்புட் இந்த நாட்டுக்கு இரண்டு பொதுப்பணி அமைச்சர்களைக் கொடுத்த ஊர். துன் சம்பந்தனும் சாமிவேலுவும் அந்தத் தொகுதியில் நின்று வென்றவர்கள். ஆனாலும் அந்த ஊர்த் தோட்டத்துப் பிள்ளைகளில் பொதுப்பணிக் குத்தகை எடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இருந்தும், திறந்திருக்கும் வாசல்களிலேயே நாம் பாதிக்குப் போவதில்லை என்பதும் உண்மை. 50,000 வெள்ளிக்கு உட்பட்ட நேரடிக் கொள்முதலில் அலுவலகம் சில கடைகளில் விலை விசாரித்து வாங்கும். நம் கடை அவர்கள் விசாரிக்கும் பட்டியலில் இருக்கிறதா? பெரும்பாலும் இருப்பதில்லை. காரணம், நாம் போய் ஒரு விலைப் பட்டியலைக்கூடக் கொடுத்து வைத்ததில்லை.

இனி, என் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் இரண்டு மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'லாவாத்தான் தாப்பாக்' என்னும் இடப் பார்வை. பல குத்தகைகளுக்கு இது கட்டாயம். பதிவுச் சான்றிதழில் பெயர் உள்ளவரே நேரில் வர வேண்டும். மச்சானை அனுப்பினால் செல்லாது. கையெழுத்து இல்லாவிட்டால் அதற்குப் பிறகு விலை போடவே முடியாது.

சில வருடங்களுக்கு முன் கிந்தாவில் ஒரு பள்ளிக்கூடம். காலை பத்து மணிக்கு இருபது பேருக்கு மேல் வந்திருந்தோம். அதிகாரி வருகைத் தாளைச் சுற்றுக்கு விட்டார், அரை மணி விளக்கம் சொன்னார், எல்லாரையும் மூன்று கட்டடங்களுக்கு முன்னால் நடத்திக் காட்டினார். வெயில் ஏறியதும் பாதிப் பேர் காரைக் கிளப்பிவிட்டார்கள். நான் அனுமதி கேட்டுக்கொண்டு பின்பக்கம் போனேன். என்னிடம் சக்கரம் வைத்த அளவுகோல் ஒன்று உண்டு. தள்ளிக்கொண்டே போனால் மீட்டர் ஓடும். ஆவணத்தில் 'திடலும் சுற்றுப்புறமும்' என்று ஒரே வரி. நடந்து பார்த்தால், திடலுக்குப் பின்னால் பெரிய சாக்கடை வரைக்கும் ஒரு சரிவு. தோளில் மாட்டும் புல் வெட்டு மெஷினோடு அதில் நிற்க முடியாது. மழை பெய்த மறுநாள் கால் வழுக்கிவிடும். அங்கே இரண்டு ஆள் இறங்கிக் கையால்தான் அறுக்க வேண்டும். அதுவும் ஈப்போ மழையில் புல் பதினைந்து நாளில் முழங்காலைத் தொடும்.

கழிவறைகளை எண்ணினேன். ஆவணத்தில் சொன்ன எண் சரி. ஆனால் மேல்மாடியில் இரண்டு வரிசைக் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. அப்படியென்றால் கீழிருந்து வாளியில் தூக்க வேண்டும். தூக்குகிறவர் யார்? அந்தப் பள்ளியில் அப்போது துப்புரவு செய்துகொண்டிருந்த அக்கா ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அந்த வாளியோடுதான் எதிரில் வந்தார். "தம்பி, டெண்டர் எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்கா. காலையில எத்தனை மணிக்கு ஆரம்பிப்பீங்க?" என்றேன். ஐந்தரைக்கு வந்துவிடுவாராம்; ஆறரைக்குப் பிள்ளைகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். வகுப்பறைகளை அதற்குள் கூட்டி முடிக்க நான்கு பேர் போதவில்லை என்றார். அந்த ஐந்து நிமிடப் பேச்சு முந்தைய அரை மணி விளக்கத்தைவிட எனக்கு உதவியது. துடைப்பம் பிடித்தவரிடம் கேட்காமல் துப்புரவுக்கு விலை எழுதக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இரவு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். என் கணக்கு எப்போதும் ஒரு ஆளில் தொடங்கும், மொத்தத் தொகையில் அல்ல. இன்றைய நிலவரத்தில் சொல்கிறேன். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு முதலாளி பங்கு 13 சதவீதம், 221 வெள்ளி. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு 29 வெள்ளி அளவில். வேலையிழப்புக் காப்புறுதிக்கு மூன்று வெள்ளிச் சில்லறை. ஆக 1,953. அதோடு முடியவில்லை. ஆண்டு விடுப்பு குறைந்தது எட்டு நாள், மருத்துவ விடுப்பு பதினான்கு நாள் வரை. அவர் இல்லாத நாளில் மாற்று ஆளுக்கு யார் கொடுப்பது? சீருடை, பூட்ஸ், கையுறையும் உண்டு. எல்லாம் சேர்த்தால் ஒரு ஆளுக்கு மாதம் 2,050 வெள்ளிக்குக் கீழே நான் எழுதுவதில்லை. ஆறு பேர் என்றால் 12,300. இரண்டாண்டுக் குத்தகைக்கு 295,200. இது கை மட்டும். பினாயில், பெட்ரோல், மெஷின் தேய்மானம், பொதுப் பொறுப்புக் காப்புறுதி, வங்கி உத்தரவாதம், வரி, என் லாபம் எல்லாம் இதற்கு மேல்தான் வரும். 260,000-க்கு ஒருவர் விலை போட்டிருக்கிறார் என்று பலகையில் பார்த்தால் எனக்கு அவர் மேல் பொறாமை வராது. அந்த வித்தியாசத்தை எந்த அக்காவின் சேமநிதியிலிருந்து எடுக்கப் போகிறார் என்ற கவலைதான் வரும்.

குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கியது. 2020-இல் நகர்ப்புறங்களில் 1,200, 2022-இல் 1,500, இப்போது 1,700. இரண்டாண்டுக் குத்தகையின் நடுவில் அது ஏறினால் என்ன ஆகும்? ஆறு பேருக்கு 200 வெள்ளி ஏறினால், சேமநிதியோடு மாதம் 1,350-க்கு மேல். ஒரு சின்ன நிறுவனத்தின் லாபம் முழுவதும் அதில் போய்விடும். அதனால் விளக்கக் கூட்டத்திலேயே, சம்பள உத்தரவு மாறினால் குத்தகை விலையைத் திருத்த வழி உண்டா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், அதிகாரிக்கும் அந்தக் கேள்வி தேவை.

வேலை கிடைத்த பிறகு விழுந்தவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். காரணம் கைமுதல். அரசாங்கம் பணம் தராமல் போகாது; விலைச்சீட்டு முழுமையாகக் கிடைத்த பதினான்கு நாளில் கொடுக்க வேண்டும் என்பது கருவூல விதி. ஆனால் 'முழுமையாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஜனவரி வேலைக்குப் பிப்ரவரி ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும், அது தொழில் சட்டம். சேமநிதி கட்டக் கெடு பதினைந்தாம் தேதி. சம்பளச் சீட்டும் சேமநிதி ரசீதும் இணைத்தால்தான் என் விலைச்சீட்டு முழுமையாகும். அங்கிருந்து பதினான்கு நாள் எண்ணினால் பிப்ரவரி முடிந்துவிட்டது. அடுத்த வாரம் பிப்ரவரிச் சம்பளம் நிற்கிறது. எனவே இரண்டு மாதச் சம்பளம் கையில் இல்லாதவர் அந்தக் குத்தகைக்கு விலை போடக் கூடாது. நான் சொன்ன ஆறு பேர் வேலைக்கு 25,000 வெள்ளி. இதுபோக உத்தரவாதத் தொகை: 200,000 முதல் 500,000 வெள்ளி வரையிலான சேவைக் குத்தகைக்கு 2.5 சதவீதம், அதற்கு மேல் 5 சதவீதம். வருடக் கடைசியில் இலாகாக்கள் கணக்கை மூடும். டிசம்பர் விலைச்சீட்டைத் தாமதித்தால் அடுத்த ஆண்டுப் பணத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

இந்த 25,000-க்கு எங்கே போவது என்று கேட்பவர்களிடம் அரசின் சிறுதொழில் கடன் நிறுவனமான தெக்குன் வழியாக வரும் இந்தியச் சமூகக் கடன் திட்டமான 'ஸ்பூமி'யைச் சொல்வேன். அதோடு இன்னொன்றும் சொல்வேன். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு நம் ஆட்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பால் வெட்டுகிறவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார்கள். மறு வருடமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அந்தச் சம்பளத்தில் பத்து வெள்ளி எவ்வளவு பெரிது என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வயிற்றில் பிறந்த நாம், குத்தகை கிடைப்பதற்கு முன்பே இரண்டு வருடம் சேர்த்து வைக்க முடியாதவர்கள் அல்ல.

என் முதல் டெண்டர் விலையில் தோற்கவில்லை. மூன்று மாத வங்கி அறிக்கை கேட்டிருந்தார்கள். நான் இரண்டு மாதத்தை வைத்தேன். மூன்றாவது அச்சாகாமல் நின்றுவிட்டது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உறையை ஒட்டிவிட்டேன். உறை திறந்த அன்றே நான் வெளியே. விலைப் பட்டியலில் என் எண்ணைப் பார்த்தேன், நல்ல இடத்தில்தான் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆவணத்தையும் என் மனைவி ஒருமுறை படிப்பார். கட்டாயம் என்று குறித்த தாள் ஒவ்வொன்றையும் அவர் சத்தமாகச் சொல்ல, நான் எடுத்துக் காட்ட வேண்டும். நேர்மை உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் நிறுவன முத்திரை, எண்ணிலும் எழுத்திலும் ஒரே தொகை. அவர் சரி என்ற பிறகுதான் உறை ஒட்டப்படும்.

ஒருமுறை எனக்குத் தெரிந்த ஒரு குத்தகைக்காரர், தன் விலையைவிட உயர்ந்த இரண்டு விலைமனுக்கள் வேண்டும், ஒன்றை உன் நிறுவனத் தாளில் அடித்துக் கொடு என்று கேட்டார். அடுத்த வேலையை எனக்கு விட்டுத் தருவதாகவும் சொன்னார். நம் வட்டத்தில் இதை உதவி என்றுதான் பேசுகிறார்கள். போட்டிச் சட்டம் 2010-இன்படி அது கூட்டுச் சதி. 2012 முதல் அந்தச் சட்டம் நடப்பில் இருக்கிறது. உரிமத்தை வாடகைக்குக் கொடுப்பதும் வாங்குவதும் தவறுதான். நான் மறுத்தேன். அவர் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. சிறிய நிறுவனத்துக்குப் பெயர் ஒன்றுதான் சொத்து. அதை ஒரு தாளில் அடித்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 2025 ஆகஸ்டில் அரசுக் கொள்முதல் மசோதா மக்களவையில் நிறைவேறியது. முடிவில் குறை காண்பவர் மேல்முறையீடு செய்ய அதில் வழி வைத்திருக்கிறார்கள். அப்படி முறையிடப் போகிறவர் முதலில் சுத்தமாக இருக்க வேண்டும்.

அந்த வாளி அக்காவிடம் திரும்ப வருகிறேன். அந்தப் பள்ளி வேலை எனக்குக் கிடைத்தது. அவர் அதே பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு கூட்டியிருந்தார், நான்கு நிறுவனங்களின் கீழ். ஒவ்வொரு முறை நிறுவனம் மாறியபோதும் அவர் புதிய ஆள். சட்டப்படி ஐந்தாண்டு தாண்டியவருக்கு ஆண்டுக்குப் பதினாறு நாள் விடுப்பு. அவருக்குப் பன்னிரண்டாவது ஆண்டிலும் எட்டு நாள். சுங்கை சிப்புட்டின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் ஜெயக்குமார் இந்தப் பிரச்சினையைப் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறார். 2020 ஜூனில் ஈப்போ பொது மருத்துவமனை முன்பு துப்புரவுத் தொழிலாளர்களின் சங்கத்தினர் மறியல் செய்து ஐந்து பேர் கைதானதும் குத்தகைத் தொழிலாளர் படும் பாட்டினால்தான். குத்தகைக்காரன் என்ற முறையில் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தலை குனிந்தது.

என்னால் சட்டத்தை மாற்ற முடியாது. ஆனால் விலையை எழுதுகிறவன் நான். பழைய ஆட்களை எடுத்துக்கொள்ளும் இடங்களில் பதினாறு நாளைக் கணக்கில் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன். ஆளுக்கு மாதம் நாற்பது ஐம்பது வெள்ளி கூடும். அதனால் இரண்டு மூன்று வேலைகள் கைவிட்டும் போயிருக்கின்றன. கிடைத்த வேலைகளில் என் ஆட்கள் ஓடிப்போவதில்லை. தலைமையாசிரியரிடமிருந்து புகார்க் கடிதம் வருவதில்லை. அடுத்த டெண்டரில் அனுபவச் சான்று கேட்கும்போது நல்ல கடிதம் கிடைக்கிறது.

புந்தோங்கிலும் செம்மோரிலும் சுங்கை சிப்புட்டிலும் சின்னதாகத் தொழில் வைத்திருக்கும் தம்பி தங்கைகளைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதம் ஒரு இடப் பார்வைக்காவது போய் வாருங்கள். விலை போடாவிட்டாலும் பரவாயில்லை. நடந்து பாருங்கள், அங்கே வேலை செய்கிறவர்களிடம் பேசுங்கள், பிறகு பலகையில் விலைகளை எழுதிக்கொள்ளுங்கள். கணக்கில் சந்தேகம் வந்தால் சனிக்கிழமை மாலையில் என் அலுவலகத்துக்கு வாருங்கள், நோட்டைக் காட்டுகிறேன். போடுவதென்று முடிவு செய்தால் பதினோரு மணிக்கே போய்விடுங்கள். பெட்டியைப் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள்.